லயத்துப் படத்தின் வருடம்

படியேறி வந்த செருப்புச் சத்தத்திலேயே கோபம் இருந்தது. அலோர் ஸ்டாரில் ஒரு துணிக்கடையின் மாடியில் இருக்கும் அந்தச் சின்ன அலுவலகத்துக்கு வருகிறவர்கள் தயங்கித் தயங்கித்தான் கதவைத் தட்டுவார்கள். சுபாஷினி தட்டவே இல்லை. உள்ளே வந்ததும் ஒரு தாளை மேசைமேல் ஓங்கி வைத்தாள். கோப்பிக் குவளை ஆடிக் கொஞ்சம் சிந்தியது.

“இந்த ஷீலாவ ஜெயில்ல போடணும். அதுக்கு என்னா செய்யணும்னு சொல்லுங்க.”

பிரேமாவதி தாளை நகர்த்திவிட்டுச் சிந்திய கோப்பியைத் துடைத்தார். கல்லூரி நூலகம் ஒன்றில் வெகுகாலம் வேலை பார்த்துவிட்டு, இப்போது வழக்கறிஞர்களுக்காகக் கணினிப் பதிவுகளைச் சோதித்துக் கொடுப்பவர் அவர். எந்தப் பதிவு எழுதியபடியே இருக்கிறது, எதில் பிற்பாடு கை வைத்திருக்கிறார்கள் என்று கண்டுபிடிப்பதுதான் தொழில். அவர் கோபப்பட்டுப் பார்த்தவர்கள் குறைவு. அந்தக் குறை தெரியாமல் பார்த்துக்கொள்ளப் புவனேசன் இருந்தான். நாற்பது வயது, வாடகைக் கார் ஓட்டுகிறவன். சவாரி இல்லாத நேரமெல்லாம் அக்காவின் அலுவலகத்தில்தான் கிடப்பான். துப்புத் துலக்குவதில் அவனுக்கு அப்படியொரு ஆசை, பொறுமை மட்டும் மருந்துக்கும் கிடையாது.

“யாரு அந்த ஷீலா?” என்றான் புவனேசன், அதற்குள்ளேயே அவள்மேல் கோபமாக.

சுபாஷினி உட்காராமலே சொன்னாள். புக்கிட் செலம்பாவ் பக்கம் ஆர்ட்மோர் தோட்டம். அங்கே தொழிலாளர்களின் வரிசைக் குடியிருப்பான லயத்து வீட்டில்தான் பிறந்தாள், இன்றைக்கும் அதே வீட்டிலிருந்துதான் மோட்டார் சைக்கிளில் தொழிற்சாலைக்குப் போய்வருகிறாள். தோட்டம் 2003-இல் ஒரு கம்பெனிக்குக் கைமாறியது. அதற்கு முன்பிருந்தே லயத்தில் குடியிருந்த குடும்பங்களுக்கு ஆளுக்கொரு வீடு கட்டிக் கொடுத்துவிட்டுத்தான் லயத்தை இடிக்க வேண்டும் என்பது அப்போது போட்ட ஒப்பந்தம். இப்போது அந்த இடத்தில் வீட்டுமனை போட வேண்டும் என்றதும் கம்பெனி புதுப் பாட்டுப் பாட ஆரம்பித்துவிட்டது. இவர்கள் தோட்டத்து ஆட்களே இல்லையாம். தோட்டம் விற்ற பிறகு காலி வீடுகளில் வந்து புகுந்துகொண்டவர்களாம். சம்பளச் சீட்டுகளைக் கரையான் தின்றுவிட்டது. தோட்ட ஆபீஸில் இருந்த பதிவுகளைக் கேட்டால் கம்பெனிக்காரர்கள் உதட்டைப் பிதுக்குகிறார்கள். பிறந்து வளர்ந்த வீட்டிலேயே திருட்டுத்தனமாகக் குடியேறியவர்கள் என்று பெயர்! யாருக்குத்தான் வயிறு எரியாது?

“சாட்சியா எங்ககிட்ட இருந்தது இந்த ஒரு படம்தான்க்கா, அம்மாவோட மத்த படத்துலல்லாம் லயமே தெரியாது. எங்கம்மா குடுத்தது. லயத்துக்கு முன்னால எல்லாக் குடும்பமும் நிக்குது. புக்கிட் செலம்பாவ்ல நம்மாளுங்க நடத்துற லைப்ரரில கம்ப்யூட்டர்ல ஏத்தி வச்சிருக்காங்க. அத லைப்ரரி முத்திர சாப் குத்தி வாங்கிட்டுப் போயி நில ஆபீஸ்ல குடுத்தோம். கம்பெனி வக்கீலு சிரிக்கிறான்! ‘உங்க லைப்ரரியே 2011-ன்னு போட்டிருக்கே, தோட்டம் வித்தப்புறம் எடுத்த படம்தானே இது’ன்னு கேக்குறான். அத்தன பேரு முன்னால தலயக் குனிஞ்சிக்கிட்டு நின்னேன்லா. வியாழக்கிழம முடிவு சொல்றாங்க. படம் செல்லாதுன்னா நாங்க ரோட்டுல.”

“ஷீலாதான் வருஷத்த எழுதினதா?”

“அவதான் அங்க வேல பாக்குறா. படத்துக்கு விவரம் எழுதினதும் அவதான். 1987-ன்னுதான் போட்டேன்னு சத்தியம் பண்றா. பச்சப் பொய்! கம்பெனிகிட்ட எதையோ வாங்கிட்டா. தலைவர் மனோகரன் அண்ணன் அவள வேலைய விட்டுத் தூக்கிட்டாரு. எனக்கு அது பத்தாது.”

பிரேமாவதி தாளைப் பார்த்தார். நீளமான லயம். வாசலில் வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு ஒரு கூட்டம். தூரத்திலிருந்து எடுத்த படம் என்பதால் ஒரு முகமும் தெளிவாக இல்லை. படத்துக்குக் கீழே நூலகத்தின் விவரக்குறிப்பு அச்சாகியிருந்தது. ஆண்டு: 2011. இடம்: ஆர்ட்மோர் தோட்டம். படத்தில் இருப்பவர்கள்: கருப்பாயி, அவர் கணவர் எஞ்சின் வடிவேலு, முருகையா மற்றும் பலர். தகவல் தந்தவர்: கருப்பாயி.

“கருப்பாயி எங்கம்மா. வடிவேலு அப்பா. ரெண்டு பேருமே இப்ப இல்ல. 2011-ல இருந்தாங்க, அதத்தான் அந்த வக்கீலு புடிச்சிக்கிட்டான்.”

“அசல் படம்?”

“ஆல்பத்துல இருந்துச்சு. அம்மா செத்தப்புறம், லயத்துல கரையான் வரும், லைப்ரரில குடுத்து வையின்னு மனோகரன் அண்ணன் சொன்னாரு. குடுத்தேன். இப்பக் கேட்டா காணோம்ங்குறாங்க. அதையும் ஷீலாதான் தொலைச்சிருக்கா.”

“அப்பாவுக்கு ஏன்மா எஞ்சின்னு பேரு?”

“எனக்கே தெரியலக்கா. எனக்கு வெவரம் தெரிஞ்ச நாள்லேருந்து அப்பா லோரில அட்டெண்டன். எஞ்சினும் இல்ல, ஒண்ணும் இல்ல.”

“அம்மா அவர எப்படிக் கூப்பிடுவாங்க?”

சுபாஷினிக்கு மூக்கு விடைத்தது. “வீடு போகப்போகுதுன்னு வந்து நிக்கிறேன், நீங்க என்னாக்கா குடும்பக் கத கேக்குறீங்க? கூப்பிடவே மாட்டாங்க. ‘இந்தாங்க’ன்னுவாங்க. மத்தவங்ககிட்ட ‘எங்க வீட்டுல’ன்னுவாங்க. புருஷன் பேரச் சொன்னா அவரு ஆயுசு கொறையுமாம். கிளினிக்ல நர்ஸு கேட்டாக்கூட என்னப் புடிச்சி முன்னால தள்ளி, நீ சொல்லுடின்னுவாங்க. போதுமா?”

“போதும்,” என்றார் பிரேமாவதி. “புவனேசா, கார எடு.”

நூலகம் ஒரு கடைவீட்டின் மாடியில் இருந்தது. தலைவர் மனோகரன் வாசலுக்கே வந்து வரவேற்றார். ஐம்பதை நெருங்கும் வயது, மடிப்புக் கலையாத சட்டை, யாரைப் பார்த்தாலும் ‘வாங்க வாங்க’. இடது கை முழங்கையில் நேராக நீளாது போலிருக்கிறது, வலது கையாலேயே நாற்காலிகளை ஒவ்வொன்றாக இழுத்துப் போட்டார். நூலகத்துக்குத் தரவுத்தளம் அமைத்துக் கொடுத்த ரவிச்சந்திரனும் வந்திருந்தார். பினாங்குக்காரர். மூலையில் ஷீலா நின்றுகொண்டிருந்தாள். வேலையை விட்டு நீக்கியவளைக் கூப்பிட்டு, உட்காரக்கூடச் சொல்லாமல் நிற்க வைத்திருந்தார்கள்.

அவளைக் கண்டதும் சுபாஷினி, “எவ்வளவு குடுத்தான்டி கம்பெனிக்காரன்?” என்று பாய்ந்தாள்.

“வாய அடக்கிப் பேசுங்க! உங்கம்மா பக்கத்துல உக்காந்து, ஒவ்வொரு படமா எடுத்துக் காட்டி, அவங்க சொல்லச் சொல்ல எழுதினவ நான். அதுக்கு எனக்கு இதுவா கூலி?” ஷீலாவின் குரலும் உயர்ந்தது.

“சண்ட வேணாம்மா,” என்று மனோகரன் நடுவில் புகுந்தார். “யாரும் வேணும்னு செஞ்சிருக்க மாட்டாங்க. மிஷின் கோளாறு. ரவி, நீங்களே சொல்லுங்க.”

ரவிச்சந்திரனுக்குச் சுருக்கென்றது. “மிஷின் மேல பழியப் போடாதீங்க சார். நடந்தது இதுதான். ரெண்டு வருஷத்துக்கு முன்னால பழைய சிஸ்டத்துலேருந்து புதுசுக்கு மாத்தினோம். எந்தப் படத்துக்கு வருஷம் காலியா இருந்துச்சோ, அதுக்கு கேமரா தேதி தானா வந்து உக்காந்துக்கும். பழைய படத்த மேசையில வச்சி கேமராவுல புடிச்சது 2011-ல. கேமரா அந்தத் தேதியத்தான் ஃபைலுக்குள்ள எழுதி வச்சிருக்கும். அப்ப வருஷத்தக் காலியா விட்டது யாரு? நானா?”

“நான் காலியா விடல!” என்று ஷீலா கத்தினாள்.

புவனேசனுக்கு எல்லாம் விளங்கிவிட்டது போலிருந்தது. “அக்கா, கேஸு முடிஞ்சிச்சுலா. கேமரா தேதி!” என்றான் மெதுவாக. பிரேமாவதி அவனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கணினியின் முன்னால் உட்கார்ந்து, கருப்பாயி கொடுத்த மற்ற படங்களை ஒவ்வொன்றாகத் திறந்தார். எல்லாம் அதே கேமராவில் அதே நாளில் பிடித்தவை. ஒரு கல்யாணப் படத்துக்கு 1979 என்றிருந்தது. கோயில் திருவிழாவுக்கு 1984. எதிலும் 2011 இல்லை. படத்தில் இருப்பவர்கள் என்ற இடத்தில் ஒவ்வொன்றிலும் ‘கருப்பாயி, கருப்பாயியின் கணவர்’ என்றே இருந்தது.

“இந்த லயத்துப் படத்தோட பதிவ கடைசியா எப்ப மாத்தியிருக்காங்க?”

ரவிச்சந்திரன் குனிந்து பார்த்தார். “இந்த வருஷம், பிப்ரவரியில... ஷீலா பேர்ல.” அவர் குரல் இறங்கியது. இரண்டு வருடத்துக்கு முந்தைய மாற்றம் இல்லை அது. யாரோ உட்கார்ந்து கையால் செய்தது.

“பாத்தீங்களா?” என்றார் மனோகரன் வருத்தமாக. “நான் மூடி மறைக்கத்தான் பாத்தேன். ஷீலா, உன் பேருதான்மா வருது.”

“அதுக்கு முன்னால எடுத்து வச்ச பிரதி இருக்கா?” என்று பிரேமாவதி ரவிச்சந்திரனிடம் கேட்டார்.

“ஒரு மாசத்துக்கு மேல வைக்கிறதில்ல மேடம். பழசு மேலயே புதுசு ஏறிடும். அவங்க குடுக்குற பட்ஜெட்டுக்கு அவ்வளவுதான்.”

கணினித் திரையின் ஓரத்தில் ஒரு மஞ்சள் சீட்டு ஒட்டியிருந்தது. அதில் ஷீலாவின் கடவுச்சொல் கொட்டை எழுத்தில் இருந்தது. தலைவர் சொல்லித்தான் ஒட்டினேன், கமிட்டிக்காரர்கள் யார் வந்தாலும் திறக்க வேண்டுமாம் என்றாள் ஷீலா. வீட்டுக் கதவைப் பூட்டிச் சாவியைக் கதவிலேயே தொங்கவிட்ட கதை. அப்புறம் திருட்டுப் போனால் வீட்டுக்காரியைப் பிடித்துக் கட்டி வைப்பார்களாம்!

பிரேமாவதி படத்தின் ஃபைலைத் தன் யூ.எஸ்.பி. விரலியில் பிரதி எடுத்துக்கொண்டு எழுந்தார். “நாளைக்குச் சாயங்காலம் எல்லாரும் இங்க வாங்க. லயத்து ஆளுங்களும் வரட்டும்.”

கார் கிளம்பியதும் புவனேசன் மடிக்கணினியில் அந்த ஃபைலைப் பார்த்துவிட்டுத்தான் ஓட்டுவேன் என்று அடம்பிடித்தான். வண்டியை ஓரம் கட்டி, கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தவன் அலறினான். “அலாமாக்! அக்கா, இங்க பாருங்க. தெறக்குறதுக்கு முன்னால தபால்தல மாதிரி சின்னதா ஒரு படம் தெரியுதுல்ல? அதுல லயத்துக்கு ஒரு கதவு கூடுதலா இருக்கு. ஓரத்துல ஒருத்தன் நிக்கிறான். தெறந்து பெருசாப் பாத்தா கதவும் இல்ல, ஆளும் இல்ல!”

“கேமரா படம் புடிக்கும்போதே சின்னதா ஒரு நகலையும் ஃபைலுக்குள்ள போட்டு வைக்கும்,” என்றார் பிரேமாவதி. “யாரோ பெரிய படத்த ஓரத்துல வெட்டியிருக்காங்க. உள்ள இருக்குற சின்னது வெட்டுப்படல. அது இருக்குறது அவங்களுக்குத் தெரியாது.”

“எதுக்கு வெட்டணும்? வருஷத்த மாத்தினாப் பத்தாதா?”

“அதத்தான் நானும் யோசிக்கிறேன். லயத்துக்குப் போ. எனக்கு அந்த எஞ்சின் என்னன்னு தெரியணும்.”

லயத்தில் பெரியவர் என்று மிஞ்சியிருந்தவர் முருகையா ஒருவர்தான். வீட்டு வாசலில் மோட்டார் சைக்கிள் டயருக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார். எஞ்சின் வடிவேலு என்றதும் பம்பை நிறுத்திவிட்டுச் சிரித்தார்.

“அந்தப் பேரெல்லாம் ஒனக்கு யாரும்மா சொன்னது? அப்ப கரண்டு ஏது? தோட்டத்துல லைட்டு எஞ்சின் ஒண்ணு இருந்துச்சு. சாயங்காலம் போட்டு ராத்திரி நிறுத்துறது வடிவேலு வேல. தோட்டத்துல இன்னொரு வடிவேலு இருந்தான், அதனால இவன் எஞ்சின் வடிவேலு. பெறகு கவர்மெண்டு கரண்டு வந்துச்சு, எஞ்சினத் தூக்கிட்டாங்க, பேரும் போச்சு. இந்தச் சுபாஷினிப் புள்ளையெல்லாம் அப்பப் பொறக்கவே இல்ல.”

“உங்களுக்குப் பிள்ளைங்க இருக்காங்களா ஐயா?”

“ஒரே மகன். லைப்ரரித் தலைவரு மனோகரன்தான். டவுனுக்கு வந்துடுப்பான்னு வாரத்துக்கு ஒருக்கா வந்து நிக்கிறான். நான் எதுக்குப் போவணும்? எனக்கு இங்க வீடு வரும்ல? வியாழக்கிழம சொல்லிடுவாங்களாம்ல?”

புவனேசன் வாயைத் திறந்தான். பிரேமாவதி அவன் கையைப் பிடித்து அழுத்தினார். காரில் ஏறியதும் கதவை ஓங்கிச் சாத்தினார். அவருக்கும் கோபம் வரும் என்று புவனேசனுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

மறுநாள் சாயங்காலம் நூலகத்தில் நாற்காலி போதவில்லை. லயத்துக் குடும்பங்கள் புத்தக அலமாரிகளுக்கு இடையில் நின்றன. முருகையா வாசலோரத்தில் உட்கார்ந்திருந்தார். சுவரில் கணினித் திரையைப் பெரிதாகக் காட்ட ரவிச்சந்திரன் ஏற்பாடு செய்திருந்தார்.

“ஷீலா செஞ்சதா, மிஷின் செஞ்சதா, வேற யாராவதா? இதுதான் கேள்வி,” என்று பிரேமாவதி தொடங்கினார். “முதல்ல மிஷின். வருஷம் காலியா இருந்தா மிஷின் கேமரா தேதியப் போடும், சரி. ஆனா மிஷினுக்கு ஆளுங்க பேரு தெரியாது. இந்த ஒரு பதிவுல பேரு வரிசையும் புதுசா எழுதியிருக்கு. அதனால மிஷின் இல்ல.”

“அதான் ஷீலா பேரு வருதே,” என்றார் மனோகரன்.

“யாரு பேர்ல தெறந்தாங்கன்னுதான் தரவுத்தளம் சொல்லும் தம்பி. யாரு கை தட்டுச்சுன்னு அதுக்குத் தெரியாது. கடவுச்சொல் திரை ஓரத்துலயே ஒட்டியிருக்கு. சரி, ஷீலான்னே வச்சிக்குவோம். இதுல ‘தகவல் தந்தவர் கருப்பாயி’ன்னு இருக்கு. கருப்பாயி குடுத்த மத்த எல்லாப் படத்துலயும் ‘கருப்பாயியின் கணவர்’னுதான் இருக்கு. ஏன்னா அந்தம்மா புருஷன் பேரச் சொல்ல மாட்டாங்க. ஷீலா அவங்க சொன்னத அப்படியே எழுதியிருக்கா. இதுல மட்டும் ‘எஞ்சின் வடிவேலு’ன்னு எப்படி வந்துச்சு? செத்தாலும் அந்தப் பேரு கருப்பாயி வாயிலேருந்து வந்திருக்காது.”

கூட்டத்தில் பெண்கள் தலையாட்டினார்கள். சுபாஷினி திரும்பி முதல் தடவையாக ஷீலாவை நேராகப் பார்த்தாள்.

“ஷீலாவுக்கு அந்தப் பேரு தெரிய வழியில்ல, அவ தோட்டத்துக்காரி இல்ல. ரவி பினாங்கு. சொந்த மகளுக்கே எஞ்சின்னா என்னன்னு தெரியல. கவர்மெண்டு கரண்டு வர்றதுக்கு முன்னால இந்த லயத்துல இருந்தவங்களுக்குத்தான் தெரியும். அவங்களுக்கு அது யோசிச்சு எழுதுற பேரே இல்ல. வடிவேலுன்னு நெனச்சா கை தானா ‘எஞ்சின்’னு சேத்துடும். பொய்ப் பதிவு எழுதின கை இந்தத் தோட்டத்துல வளந்த கை.”

“அப்ப இங்க நிக்கிற எல்லாரையும் சொல்றீங்களா?” மனோகரன் சிரிக்கப் பார்த்தார். “வீடு போற ஆளுங்களே செஞ்சாங்களா? நல்லா இருக்குலா கத.”

“இல்ல. இன்னொண்ணு இருக்கு.” பிரேமாவதி சைகை காட்டினார். சுவரில் இரண்டு படங்கள் பக்கத்தில் பக்கத்தில் தெரிந்தன. ஒன்று வெட்டிய படம். இன்னொன்று ஃபைலுக்குள் தப்பித்துக் கிடந்த சின்னப் படம், இழுத்துப் பெரிதாக்கியதால் கட்டம் கட்டமாக உடைந்திருந்தது. அதன் ஓரத்தில், மற்ற எல்லோரையும்விடக் கேமராவுக்குப் பக்கத்தில், அரைக்கால் சட்டையோடு ஒரு பையன் நின்றான். முகம் தெரியவில்லை. மார்பின் குறுக்கே கழுத்தில் கட்டிய வெள்ளைத் துணி மட்டும் பளிச்சென்று தெரிந்தது.

“வருஷத்த மாத்தினவங்க இந்தப் பையன ஏன் வெட்டணும்? மத்தவங்க தூரத்துல நிக்கிறாங்க, யாருன்னு அடையாளம் தெரியாது. இவன் கிட்டக்க நிக்கிறான். பெரிய படத்துல இவன் மூஞ்சி தெளிவா இருந்திருக்கும். பாக்குறவங்களுக்கு உடனே இன்னாருன்னு தெரிஞ்சிருக்கும். 2011-ல இந்தாளு எப்படிப்பா சின்னப் பையனா இருக்க முடியும்னு கேட்டிருப்பாங்க. அந்த ஒரு மூஞ்சி இருந்தா பொய் நிக்காது. பேரு வரிசையிலயும் இவன் பேரு இருந்திருக்கும், அதான் அதையும் புதுசா எழுதியிருக்காங்க. எல்லாருக்கும் தெரிஞ்ச மூஞ்சி அது. மனோகரன் தம்பி, அந்தப் பையன் யாருன்னு நீங்களே சொல்லிடுங்க. உங்களுக்கு அதுதான் நல்லது.”

“எனக்கெப்படித் தெரியும்? மூஞ்சியே தெரியல. யாரா வேணும்னாலும் இருக்கலாம்.”

அப்போதுதான் முருகையா எழுந்தார். கண்ணைச் சுருக்கிக்கொண்டு சுவரை நெருங்கிப் போனார். பேச்சில் பாதி அவருக்குப் புரியவில்லை. படம் மட்டும் புரிந்தது.

“என்னாடா தெரியலங்குற? நீதான்டா!” முகமெல்லாம் சிரிப்போடு கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார். “ரப்பர் பால் ஏத்துற லேட்டக்ஸ் லோரில தொத்தி வெளையாடி வுழுந்து கைய ஒடச்சிக்கிட்டான். நான்தான் தோள்ல போட்டுக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுனேன். எலும்பு சரியாச் சேரல, இன்னும் கை கோணலாத்தான் இருக்கு. கட்டோட வந்து முன்னால நின்னுக்கிட்டான், நகருடான்னா நகரல. மனோகரனுக்கு அப்ப பதினோரு வயசு.”

முருகையாவின் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக நின்றது. மகனுடைய முகத்தைப் பார்த்தார், பிரேமாவதியைப் பார்த்தார், மறுபடியும் மகனைப் பார்த்தார்.

“நீயாடா?” என்றார்.

மனோகரனின் ‘வாங்க வாங்க’ முகம் எங்கே போனதோ தெரியவில்லை. “ஆமா, நான்தான்! இப்ப என்னா? கம்பெனிக்காரன எதுத்து இவங்க ஜெயிச்சிடுவாங்களா? இன்னைக்கு இல்லாட்டி நாளைக்கு இடிக்கத்தான் போறான். புது டவுன்ல மொனக் கடை ஒண்ணு தர்றேன்னான். உன்னையத்தான் டவுனுக்கு வா வான்னு கூப்பிட்டேனே, நீ கேட்டியா?”

சுபாஷினி அவர் சட்டையைப் பிடித்துவிட்டாள். “மொனக் கடையா? எங்கம்மா ஆல்பம் எங்க?”

“எரிச்சாச்சு.”

அவள் அடித்த அறையை யாரும் தடுக்கவில்லை. புவனேசன் தடுப்பதுபோல் கையை நீட்டினான், வேண்டுமென்றே மெதுவாக நீட்டினான். இரண்டாவது அடி விழுவதற்கு முன்னால் ஷீலாதான் வந்து அவள் கையைப் பிடித்தாள்.

“போதும். இவரு பேச வேண்டியது இங்க இல்ல. வியாழக்கிழம நில ஆபீஸ்ல வந்து பேசட்டும். நான் போலீஸ்ல ரிப்போர்ட் குடுக்கத்தான் போறேன், அத யாரு சொன்னாலும் விட மாட்டேன். ஆனா மொதல்ல அங்க வந்து சொல்லணும்.”

சுபாஷினிக்கு மூச்சு வாங்கியது. “நேத்து உங்கள என்னென்னமோ சொல்லிட்டேன்.”

“சொன்னீங்க. எனக்கு இன்னும் ஆறல,” என்றாள் ஷீலா. பிடித்த கையை மட்டும் விடவில்லை.

“வராட்டி என்னா பண்ணுவீங்க?” என்றார் மனோகரன்.

“வருவான்,” என்றார் முருகையா.

வியாழக்கிழமை நில அலுவலகத்தில் கம்பெனி வக்கீல் அன்றைக்கும் சிரித்த முகத்தோடுதான் வந்து உட்கார்ந்தான். பிரேமாவதி இரண்டு படங்களையும் அதிகாரியின் மேசையில் வைத்து, ஒன்று எப்படி வெட்டுப்பட்டது, இன்னொன்று எங்கே இருந்தது என்று மலாய் மொழியில் நிதானமாக விளக்கினார். ரவிச்சந்திரன் பதிவு மாறிய நாளைச் சொன்னார். அதிகாரி ஓரத்துப் பையன்மேல் பேனாவை வைத்து, இது யார் என்று கேட்டார்.

மனோகரன் அப்பாவைப் பார்த்தார். முருகையா சுவரில் மாட்டியிருந்த கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“நான்தான்,” என்றார் மனோகரன். அதிகாரி கேட்டதற்கு அடையாள அட்டையை எடுத்துக் கொடுத்தார், சட்டைக் கையை மடித்து முழங்கையைக் காட்டினார். பிறந்த வருடத்தோடு பதினொன்றைக் கூட்டிப் பார்க்க அதிகாரிக்கு வெகுநேரம் ஆகவில்லை. வக்கீலுக்கும் கூட்டத் தெரிந்திருந்தது. காகிதங்களை அடுக்க ஆரம்பித்தான். படத்தை 1987-ஐச் சேர்ந்த சான்றாக ஏற்பதாகவும், லயத்துக் குடும்பங்களுக்கு வீடு கட்டிக் கொடுக்காமல் ஒரு கதவைக்கூடத் தொடக்கூடாது என்றும் அதிகாரி எழுதினார்.

வெளியே சுபாஷினி அழுதாள், சிரித்தாள், கண்ணில் பட்டவர்களையெல்லாம் கட்டிக்கொண்டாள். கார் நிறுத்தும் இடத்தில் மனோகரன் தன்னுடைய காரின் முன்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார்.

“ஏறுப்பா. வீட்ல விட்டுடுறேன்.”

முருகையா அந்தக் காரைச் சுற்றிக்கொண்டு நடந்து, புவனேசனின் வாடகைக் காருக்கு வந்து கண்ணாடியைத் தட்டினார்.

“தம்பி, லயத்துக்குப் போகணும். எவ்வளவு ஆகும்?”